ஆண்கள் வார்டில் ஒரு துஆ

மன்னார்குடியில் ஹபீப் முகம்மதுவின் பெயின்ட் கடைக்குப் பின்கட்டில்தான் அவர் மகள் சஃபியா ஓவியம் வரைவாள். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவள். மனிதர்களையோ மிருகங்களையோ வரைவதில்லை, நிறங்களோடு சரி. புதிதாக ஆஸ்பத்திரி கட்டியிருந்த டாக்டர் மங்களாம்பிகை ஒருநாள் அவளைத் தேடி வந்தார்.

"சாமி படம் மாட்டினா ஒருத்தருக்குப் பிடிக்கும், ஒருத்தருக்குப் பிடிக்காது. ஆனா படுத்திருக்கிறவங்களுக்குத் தெம்பு வரணும். வரைஞ்சு தர்றீங்களா?"

"நோயாளிக்காக நாங்க கேக்குற துஆ ஒண்ணு இருக்கு டாக்டர். அதை மனசுல வச்சு வரையலாமா? எழுத்து இருக்காது. நிறம் மட்டுந்தான்."

"தாராளமா."

தினமும் விடியலில் சுபுஹு தொழுகை முடித்த கையோடு சஃபியா தூரிகையை எடுத்தாள். ஒரு பெரிய ஓவியத்தில் இரண்டு பச்சைத் தீற்றல்கள் கீழிருந்து எழுந்து விரிந்தன; மேலிருந்து மஞ்சளும் சிவப்பும் அவற்றின் மேல் பொழிந்தன. ஹபீப் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. என்னன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"யாரு கேக்கப் போறாங்க?"

அந்த ஓவியம் ஆண்கள் வார்டில் மாட்டப்பட்ட வாரம் தொண்ணூற்றாறாம் வருடத் தேர்தல் உச்சத்தில் இருந்தது. அதே வாரம், கோடையில் வரப்பு வெட்டும்போது எல்லைத் தகராறில் மண்வெட்டிக் காம்பால் அடித்துக்கொண்ட பங்காளிகள் இருவர் வந்து சேர்ந்தார்கள். ரெங்கசாமிக்குக் கால் முறிவு. பஞ்சநதத்துக்குக் கை முறிவு. காலியாக இருந்தவை அடுத்தடுத்த இரண்டு கட்டில்கள்தான்.

மறுநாளே டாக்டரிடமிருந்து கடைக்கு போன் வந்தது. "சஃபியா, உடனே வாங்க. உங்க படத்தால வார்டே ரெண்டாக் கெடக்கு!"

அவள் உள்ளே நுழைந்தபோது ரெங்கசாமி கட்டுப்போட்ட காலோடு எழ முயன்றுகொண்டிருந்தார். "உதயசூரியன்மா இது! மேல பாரு, எப்படிச் செவந்து வருது!"

"கண்ணு பொட்டையா உனக்கு?" என்றார் பஞ்சநதம். "கீழ ரெண்டு இலை நிக்கிது. நல்லாப் பாரு, இரட்டை இலை!"

மற்ற நோயாளிகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். டாக்டர் சஃபியாவின் காதருகே சொன்னார்: "கழட்டிடலாம்னு பாக்குறேன். கட்சிக்காரங்க வந்தா எனக்குத்தான் வம்பு."

சஃபியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அழாமல் ஓவியத்தின் பக்கத்தில் போய் நின்றாள்.

"நான் வரைஞ்சது சூரியனும் இல்ல, இலையும் இல்லங்க. இது ரெண்டு உள்ளங்கை." தன் கைகளை ஏந்திக் காட்டினாள். "மேலேருந்து வர்றது வெளிச்சம். நோயைக் குணமாக்குன்னு அல்லாகிட்ட கேக்குற துஆ."

பஞ்சநதம் ஓவியத்தையும் அவள் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாருக்காகக் கேக்குதும்மா அந்தக் கை?"

"இங்க படுத்திருக்கிற எல்லாருக்காகவும்."

"இவனுக்குமா?" பக்கத்துக் கட்டிலை நோக்கி மோவாயை அசைத்தார்.

"அவருக்கும்தான்."

"எங்காலை ஒடச்சவனுக்குமா?" என்றார் ரெங்கசாமி.

"எங்கைய ஒடச்சது யார்ரா? பக்கத்து ஊர்க்காரனா?"

முதலில் சிரித்தது மூலைக் கட்டில்காரர். பிறகு வார்டு முழுவதும் சிரித்தது. ரெங்கசாமி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்ததில் கால் வலித்து, "ஐயோ அப்பா" என்று முனகினார். பஞ்சநதம் நல்ல கையால் தண்ணீர்ச் செம்பை எடுத்து அவர் பக்கம் நீட்டினார். மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள்.

எல்லை வழக்கு உடனே தீர்ந்துவிடவில்லை. ஆனால் சர்வேயர் வந்து நிலத்தை அளந்த அன்று இருவரும் ஒரே மாட்டுவண்டியில் வயலுக்குப் போனார்கள் என்று கேள்வி. வாக்களிக்கவும் சேர்ந்துதான் போனார்களாம், ஆளுக்கொரு சின்னத்துக்கு.

டாக்டர் பிரசவ வார்டுக்கு இன்னும் மூன்று ஓவியங்கள் கேட்டார்.

"நீலம் மட்டும் போடட்டுமா டாக்டர்?"

"எதை வேணா போடுங்க," என்றார் அவர். "தேர்தல் முடிஞ்சிருச்சு."