இருவருக்கு மூன்று நாள் அனுமதி

அனுமதிச் சீட்டு வந்த அன்று அவள் அதைக் கடைக்கே எடுத்துக்கொண்டு போனாள். துணிக்கடையின் மூன்றாவது மாடியில், புதுத் துணி வாங்குகிறவர்களின் உடம்புக்குத் தகுந்தபடி குறைத்தும் பிரித்தும் தைத்துக் கொடுப்பது அவள் வேலை. கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் எல்லோருக்கும் அவள் 'அளவக்கா'. அயர்ன் போடுகிற அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்கு மூணு நாள். முத்திரை எல்லாம் குத்தியாச்சு. அப்ப நெஜமாவே போறீங்க!"

"போறோம்க்கா. நம்பவே முடியல."

போகப்போகும் அந்த ஊரைப் பற்றி முதலில் சொன்னதே அயர்ன் அம்மாதான். கடலோரத்தில் உள்ளங்கை அளவு ஒரு பிரதேசம். மூன்று பக்கம் அடுத்தவர் மண், ஒரு பக்கம் கடல். இந்த முனையில் பஸ் ஏறினால் அந்த முனைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நிர்வாகம் தனி என்பதால் உள்ளே போகச் சீட்டு வேண்டும். குறித்த முதல் நாள் மாலை நாலு மணிக்குள் சோதனைச் சாவடியைத் தாண்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் சீட்டு செல்லாது. மறுபடி ஆறு மாதம் கழித்துத்தான் விண்ணப்பிக்க முடியும்.

கடலை அவள் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. கல்யாணமான புதிதில் ஒரு துறைமுகத்தில், இரண்டு கப்பல்களுக்கு நடுவே ஒரு துண்டு பார்த்திருக்கிறாள். அவள் மனசைப் பிடித்தது கடல் அல்ல. அந்த ஊரில் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை கடை, தபால் நிலையம், அலுவலகம் எல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு ஊரே தூங்கும் என்று அயர்ன் அம்மா சொன்னாளே, அதுதான்.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். ஊரில் எந்தக் கட்டடத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் போன் அவனுக்குத்தான் வரும். தங்கப்போகும் விடுதிக்கு லிப்ட் உண்டா என்றுதான் முதலில் கேட்டான். இரண்டாவது மாடி, படிக்கட்டு மட்டும்தான் என்றாள்.

"அப்பாடா, அதையே போடு. லிப்டே இல்லாத ஊர்ல ஒருத்தனும் என்னைக் கூப்பிட முடியாது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளறையிலிருந்து மூத்தவரும் "சரி" என்றார்.

மூத்தவர் அவள் கணவனின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அப்பா இல்லாத வீட்டில் தம்பியையும் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவர். கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது அவர் தொழில். இவர்கள் ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஓட்டக் கற்றார்கள். யார் எப்படி ஓட்டினாலும் ஒரு நாளும் 'சரி' என்று சொல்லமாட்டார் என்பது அவரைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு. இரண்டரை வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை, அதுவும் அந்த 'சரி'தான். பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, கோபம் வந்தாலும் சரி, வாயைத் திறந்தால் அதுதான் வரும். என்ன சரி என்பதை முகத்தைப் பார்த்து அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

காலையில் அவரைக் குளிப்பாட்டிவிட்டுக் கணவன் வேலைக்குப் போவான். கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, பக்கத்து வீட்டம்மாவிடம் சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போவாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்து ஊட்டிவிட்டு ஓடுவாள். இரண்டரை வருடமாக இப்படித்தான்.

அந்த மூன்று நாளைக்கு நாத்தனார் வந்து இருப்பதாக ஏற்பாடு. கேட்டவுடனே ஒப்புக்கொண்டாள். "எனக்கும் அண்ணன்தானே? நீங்க ரெண்டு பேரும் கண்ணாடியில மொகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு? போயிட்டு வாங்க."

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது நாத்தனாரின் மகள் போன் செய்தாள். அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள், மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. பின்னாலேயே நாத்தனாரின் அழுகுரலும் கேட்டது.

"என்னால கெட்டுப்போச்சே! ஒரு கையால எப்படியாவது பாத்துக்கட்டுமா?"

"அய்யோ அண்ணி, நீங்க கைய ஆட்டாம படுத்திருங்க. அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

போனை வைத்தபிறகு அவளுக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல இருந்தது. யார் மேல் படுவது? வழுக்கியவள் மேலா, வழுக்கிய தரை மேலா? அடுப்படியில் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள்.

மூத்தவரையும் கூட்டிப் போகலாம் என்றால் சீட்டில் இரண்டு பேர்தான். புதிதாக ஒருவரைச் சேர்க்கப் பத்து நாள் வேண்டும். அப்படியே சேர்த்தாலும் ஆறு மணி நேரம் பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. பக்கத்து வீட்டம்மாவுக்கு எழுபது வயது. கடைசியில், இப்படிப்பட்டவர்களைச் சில நாள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு இல்லம் இருப்பதாகக் கணவனோடு வேலை செய்பவர் சொன்னார். போய்ப் பார்த்தார்கள். எட்டுக் கட்டில், ஜன்னல்கள் பெரிது, தரை சுத்தம். பொறுப்பில் இருந்த நர்ஸம்மா மூத்தவரின் இடது கையைப் பிடித்துக் குலுக்கி, "எங்ககூட மூணு நாள் இருக்கீங்களா, சார்?" என்றாள்.

"சரி."

வீட்டுக்கு வந்ததும் அவள் அவர் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "மாமா, நாங்க போயிட்டு வரட்டுமா?"

"சரி."

"போக வேணாமா?"

"சரி." சொல்லிவிட்டு அவரே தலையை வேகமாக ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, எதற்கு ஆட்டுகிறார்? வாய் கோணி எச்சில் வழிந்தது. இடது கையால் தொடையில் இரண்டு முறை அடித்துக்கொண்டார். இத்தனை நாள் அந்த முகத்தைப் படித்தவளுக்கு அன்றைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. துண்டை எடுத்து வாயைத் துடைத்துவிட்டாள்.

நர்ஸம்மாவுக்குக் கொடுக்க ஒரு தாளில் குறிப்பு எழுதத் தொடங்கினாள். தண்ணீரை அப்படியே கொடுத்தால் புரையேறும், கெட்டியாகக் கலந்து கொடுக்க வேண்டும். வலது பக்கம் நின்று பேசினால் தெரியாது. டிவியில் கார் ஓட்டுகிற காட்சி வந்தால் வலது காலை அழுத்தப் பார்ப்பார், அப்போது நாற்காலியிலிருந்து சரியலாம். காலரில் விரலை விட்டால் கழிப்பறைக்கு என்று அர்த்தம். ஒரு தாள் நாலு தாள் ஆனது. கணவன் எடுத்துப் படித்துவிட்டு, "இதுல பாதி எனக்கே தெரியாதே" என்றான். அதைக் கேட்டதும் அவளுக்குப் பயம் வந்தது.

கிளம்புகிற காலை ஆறு மணிக்கே அவரை இல்லத்துக்குக் கூட்டிப்போனார்கள். பஸ் ஏழு மணிக்கு. ஒரு நாளைக்கு அந்த ஒரு பஸ்தான். கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு அமைதியாகத்தான் வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். பையைப் பார்த்தார். அவள் குனிந்து, "வரோம் மாமா" என்றதும் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

தப்பாகத் திருப்புகிறவர்களின் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து முப்பது வருடம் பழகியவரின் கை அது. அவள் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"மொத நாள் எல்லாரும் இப்படித்தாங்க," என்றாள் நர்ஸம்மா மெதுவாக. "நீங்க நின்னா இன்னும் கஷ்டம். கெளம்புங்க."

கணவன்தான் வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தான். சுண்டுவிரல், மோதிரவிரல் என்று அவன் பிரிக்கப் பிரிக்க, "சரி, சரி, சரி" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கட்டைவிரலைப் பிரிக்கும்போது அவன் அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்க இடம் கிடைத்தது. ஊர் எல்லை தாண்டியது. அவள் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். "இன்னிக்கு சாயங்காலம் கலங்கரை விளக்கம் மட்டும் பாத்துட்டு வந்துரலாம். ஏறினா கால் வலிக்கும். நாளைக்கு எங்கயும் போக வேணாம், என்ன?"

"ம்."

"தோணியில போலாம்னு அயர்ன் அம்மா சொன்னாங்க. எனக்குப் பயம். நீங்க வேணா போங்க."

"ம்."

அவள் மணிக்கட்டில் நாலு விரல் தடம் சிவப்பாக இருந்தது. அவன் கண்ணில் படக்கூடாதென்று புடவைத் தலைப்பை இழுத்து மூடினாள். அவன் அதை ஏற்கனவே பார்த்திருந்தான்.

பத்து மணிக்கு ஒரு டீக்கடை முன்னால் பஸ் நின்றது. இறங்கியதும் அவன் இல்லத்துக்குப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டான். டீ ஆறியது.

"எடுக்கல."

"வேலையா இருப்பாங்க. எட்டுப் பேரைப் பாக்கணுமே."

"நாலாவது தடவை."

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டான். எடுக்கவில்லை. எதிர்ப்பக்கம், அவர்கள் வந்த திசைக்குப் போகிற பஸ் ஒன்று வந்து நின்றது. அவன் அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள். இவர்கள் பஸ்ஸின் டிரைவர் ஹாரன் அடித்தார். அவன் ஒரு காலைப் படியில் வைத்தான். மறு காலைத் தூக்கவில்லை.

"நீ ஏறு," என்றான்.

"நீங்க?"

கண்டக்டர், "என்ன சார், வரீங்களா இல்லையா?" என்றார். யாரிடம் என்ன கேட்டால் விடை கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. பஸ்ஸுக்குள் ஏறினாள். மேலிருந்து இரண்டு பைகளையும் இறக்கினாள். அவனைத் தாண்டிக் கீழே வந்து, சாலையைக் கடந்து, எதிர் பஸ்ஸில் போய் உட்கார்ந்தாள். வழி முழுவதும் அவன் போன் போட்டுக்கொண்டே வந்தான். பாதி வழியில் அவன் போனில் சார்ஜ் தீர்ந்தது.

இல்லத்துக்குள் ஓடியபோது மணி ஒன்றேகால். கட்டில் காலியாக இருந்தது.

பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் மூத்தவர். ஒரு கையால் சீட்டைப் பிடிக்கவும் எடுக்கவும் முடியாது என்று, துணி துவைக்கிற பிரஷ்ஷை மல்லாக்க வைத்து, அதன் மயிருக்குள் அவருடைய சீட்டுகளை வரிசையாகச் செருகியிருந்தார்கள். அவர் ஒன்றை உருவி மேஜையில் ஓங்கி அடித்தார். எதிரில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரி!" என்றார் மூத்தவர். இரண்டரை வருடத்தில் அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

நர்ஸம்மா பதறிக்கொண்டு வந்தாள். "என்னங்க, நீங்க போகலையா?"

"போன் எடுக்கலையே நீங்க..."

"அய்யய்யோ! எல்லாருக்கும் குளியல் நேரம். போனை ஆபீஸ் ரூம்ல வச்சுப் பூட்டிட்டேன். இப்பத்தான் எடுத்துப் பாத்தேன், இத்தனை தடவை பண்ணியிருக்கீங்களே! சாரோ அரை மணி நேரத்துல பழகிட்டாருங்க. நல்லா சாப்பிட்டாரு."

கணவன் அண்ணன் பக்கத்தில் போய், இடது பக்கமாக நின்று குனிந்தான். "அண்ணே, வீட்டுக்குப் போலாமா?"

"சரி," என்றார் அவர். எழுந்திருக்கவில்லை. அடுத்த சீட்டை எடுக்க விடாமல் தம்பியின் கை மறைத்தது. அதைப் புறங்கையால் தள்ளிவிட்டார்.

அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு மணிக்கு இன்னும் இரண்டேமுக்கால் மணி நேரம்கூட இல்லை. சாவடிக்கு ஆறு மணி நேரப் பயணம். கணக்குப் போடத் தேவையில்லை, ஆனாலும் இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். பிறகு பார்வையாளர் பெஞ்சில், பைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு, இருவரும் கொஞ்ச நேரம் சீட்டாட்டத்தைப் பார்த்தார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று நாளைக்கு இடம் எழுதியிருக்கிறது, அவரும் சந்தோஷமாக இருக்கிறார், இருக்கட்டுமே என்றாள் நர்ஸம்மா. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

வீடு பூட்டியபடியே இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு முறை அவள் உள்ளறை வாசல் வரை போய்த் திரும்பினாள். அவன் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஆடாத நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் திருகுகளை முறுக்கினான்.

"என் மேல கோபமா?" என்றான் நிமிராமலே.

"உங்க மேலயா? பையை எறக்கினது நான்தானே."

"நான் மட்டும் ஏறியிருந்தேன்னா..."

"விடுங்க," என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று இருந்தது.

ஆறு மணிக்கு அவன் போன் அடித்தது. நாத்தனார். அவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"போய்ச் சேந்துட்டீங்களாடா? மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல. என்னால உங்க பயணம் நின்னுபோயிருந்தா செத்தாலும் மனசு ஆறாது. ஏதோ கடவுள் புண்ணியத்துல ஒரு எடம் கெடைச்சுதே. அண்ணன் நல்லா இருக்காராம், நர்ஸுகிட்ட பேசிட்டேன். உங்களப் பத்திக் கேக்குறதுக்குள்ள யாரோ கூப்பிட்டாங்கன்னு வச்சுட்டாங்க. நீங்க எங்க நிக்கிறீங்க? என்னமோ எரைச்சல் கேக்குதே, கடலா?"

அவர்கள் தலைக்கு மேலே பழைய மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது. அவன் மனைவியைப் பார்த்தான்.

"ஆமாக்கா," என்றான். "காத்து பலமா அடிக்குது."

"அப்பாடா!" அந்தப் பக்கம் நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "இப்பத்தான்டா எனக்கு உசிரு வந்துச்சு. கொஞ்சம் இரு, வைக்காத. நானும் கொஞ்ச நேரம் கேக்கறேன்."

அவன் போனை உள்ளங்கையில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவள் எழுந்து போய் மின்விசிறியின் வேகத்தை இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைத்தாள்.