ஏழாம் சுவிட்ச் மேலேயா, கீழேயா

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஞானஸ்நான விருந்தில் கிடைத்தது. என் மனைவியின் சின்னம்மா பிளாரன்ஸ், பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, 1978-ல் தூத்துக்குடி உரக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியதைச் சொன்னார். எழுதட்டுமா என்றேன். இரண்டு நிபந்தனை போட்டார்.

"என்னைய அழ வைக்கக் கூடாது. மிஷினைப் பேச வைக்கக் கூடாது."

ஆகவே நான் ஆசையாக எழுதி வைத்திருந்த முதல் வரி: 'நான் ஒரு கம்ப்யூட்டர். மூன்று மணி ஆனால் எனக்கு வயிறு

கிடக்கட்டும்.

2

மறுபடி தொடங்குகிறேன். திரேஸ்புரத்துத் தோணிக்காரர் மகள் பிளாரன்ஸுக்கு அப்போது இருபத்தாறு வயது. (விருந்தில் 'அவர்', கதைக்குள் 'அவள்'. சின்னம்மா மன்னிக்கணும்.)

அவள் பார்த்துக்கொண்ட நிரலின் வேலை லாரிகளை நினைவு வைத்திருப்பது. துறைமுகத்திலிருந்து பாறைத்தூள் ஏற்றி வரும் லாரியின் எண்ணைக் கேட்டில் தட்டியதும், நிரல் இயந்திரத்தின் நினைவகத்தில் அதற்கு ஓர் அறை ஒதுக்கும். லாரி வெளியேறும்போது சீட்டு அச்சடித்துக் கொடுத்துவிட்டு அறையைக் காலி செய்யும். சீட்டு இல்லாவிட்டால் கேட் திறக்காது.

மொத்தம் இருநூறு அறைகள். ஒரே நேரத்தில் அறுபது லாரிக்கு மேல் உள்ளே நின்றதில்லை. ஆனாலும் தினமும் மூன்று மணி வாக்கில் இயந்திரம் 'இடமில்லை' என்று அடித்துவிட்டு நின்றுவிடும். மறுபடி கிளப்பினால் உள்ளே நிற்கும் அத்தனை லாரியையும் மறந்திருக்கும். ஒவ்வொன்றாக எடை போட்டு, எண்ணைத் தட்டி, முதலிலிருந்து நம்ப வைக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் ஆவுடையப்பன் இதற்கு உப்புக்காற்றுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அவர் நல்ல மனிதர் (இந்த வாக்கியத்தை இரண்டு முறை அடித்துவிட்டு மூன்றாம் முறையும் எழுதியிருக்கிறேன்).

3

இந்த இடத்தில் ஒரு காதல் வேண்டும் என்று நினைத்துக் கை துறுதுறுத்தது. தேவைப்படவில்லை, மாசானம் வந்துவிட்டான்.

முப்பத்திரண்டு வயது லாரி டிரைவர். அன்று நாலு மணிக்கு ஒட்டப்பிடாரத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். சலவை வேட்டியைக் காகிதத்தில் சுற்றி இருக்கைக்குப் பின்னால் வைத்திருந்தான். மூன்று மணிக்கு இயந்திரம் நின்றது. அவன் முறை வந்து கேட் திறந்தபோது மணி ஏழு.

மறுநாள் கம்ப்யூட்டர் இருந்த குளிர்சாதன அறைக் கதவைத் தட்டினான்.

"யம்மா, வண்டி நிக்கி, நான் நிக்கேன். உங்க மிஷினு மட்டும் நான் உள்ளயே வரலைங்கு. பொண்ணு வீட்டுல நான் அங்கனயும் வரலைன்னுட்டாங்க. அப்ப நான் எங்கதான் இருந்தேன்?"

பிளாரன்ஸ் நிரலின் அச்சுப்பிரதியை எடுத்து மேசையில் விரித்தாள். (அழவில்லை. நிபந்தனை ஞாபகம் இருக்கிறது.)

4

கம்பைல் ஆன நிரல் அரக்கு வைத்து ஒட்டிய கடிதம் மாதிரி. ஓடும்போது அதனிடம் ஒன்றும் கேட்க முடியாது. கேட்க வேண்டியதை ஒட்டுவதற்கு முன்பே உள்ளே வைக்க வேண்டும். பிளாரன்ஸ் அதைத்தான் செய்தாள். நிரலின் எந்தப் பகுதி அறை வாங்குகிறது, எந்தப் பகுதி திருப்பித் தருகிறது என்று குறித்துக்கொள்ளும் சோதனை ஒன்றை எழுதிச் சேர்த்தாள். சோதனை ஓடினால் இயந்திரம் மந்தமாகும். அதனால் அதற்கு ஒரு கடிவாளமும் போட்டாள். இயந்திரத்தின் முகப்பில் உள்ள ஏழாம் சுவிட்ச் மேலே இருந்தால் சோதனை ஓடும், கீழே இருந்தால் ஓடாது.

மேலே தள்ளினாள். ஒரு மணி நேரத்தில் அச்சு இயந்திரம் கடகடவென்று பட்டியல் அடித்தது. லாரி வெளியே போன பின்பும் திருப்பாத அறைகள் முப்பத்தொன்று. முப்பத்தொன்றும் ஒரே பகுதி வாங்கியவை: சரக்கு ஈரமென்று திருப்பி அனுப்பும் லாரிகளைக் கவனிக்கும் பகுதி. அதன் பெயர் ஆவுடை. (அந்த மொழியில் பெயருக்கு ஆங்கிலத்தில் ஆறு எழுத்துதான் அனுமதி. எழுதியவர் தம் பெயரை அளவாக வெட்டி வைத்திருந்தார்.)

ஆவுடையப்பன் பட்டியலைப் பார்த்தார். காதுமடல் சிவந்தது.

"ஒரு வரி சேர்த்தாப் போதும் சார்," என்றாள்.

"தெரியுது. வியாழக்கிழமை மெட்ராஸ்ல இருந்து டைரக்டர் வாரார். அவர் போகட்டும், பொறவு பாப்போம். அதுவரை அந்தச் சுவிட்ச் கீழயே கெடக்கட்டும்."

5

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிளாரன்ஸ் ஒட்டப்பிடாரத்துக்குப் பஸ் ஏறினாள். பெண்ணின் பெயர் செல்லக்கிளி. முற்றத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"மறக்க வேண்டிய வண்டிய அது மறக்கல. அதான் இடமில்லாமப் போயி, கடைசில எல்லாரையும் மறந்துட்டு," என்றாள் பிளாரன்ஸ்.

"எங்க பெரியப்பாவும் இப்படித்தான்," என்றாள் செல்லக்கிளி.

அவளுடைய அப்பா யோசித்துவிட்டுச் சொன்னார்: "வியாழக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லுங்க. இந்தத் தடவையும் மிஷினு கிஷினுன்னா, வேற எடம் பாத்துருவோம்."

வியாழக்கிழமை!

6

(இங்கே நான் எழுதிக் கிழித்தவை: பிளாரன்ஸ் ராஜினாமா செய்கிறாள்; மாசானம் கேட்டை உடைக்கிறான்; டைரக்டர் செல்லக்கிளிக்கு மாமாவாகிறார்.)

நடந்தது இது. புதன்கிழமை பிளாரன்ஸ் சோதனையில் சில வரிகளைத் திருத்தி, நிரலை மறுபடி கம்பைல் செய்தாள். விதிப்படி அச்சுப்பிரதியை ஆவுடையப்பன் மேசையில் வைத்தாள். அவர் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

வியாழன் பதினொரு மணிக்கு டைரக்டர் வந்தார். ஆவுடையப்பன் எல்லாருக்கும் முன்னால், கீழே கிடந்த ஏழாம் சுவிட்சைத் தம் கையாலேயே இன்னொரு தடவை கீழே தள்ளிவிட்டு, புது நிரலைக் கிளப்பினார். லாரி எண்கள் வரத் தொடங்கின. இயந்திரம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு, யாரும் கேட்காமலே, அச்சு இயந்திரம் கடகடவென்று அடித்தது.

ஆவுடை. ஆவுடை. ஆவுடை. ஆவுடை.

"யாருப்பா இந்த ஆவுடை?" என்றார் டைரக்டர்.

ஆவுடையப்பன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"நான்தான் சார். தப்பு என்னோடது. கண்டுபிடிச்சது இந்தப் பிள்ளை."

"அப்ப சரிபண்ணுங்க," என்று டைரக்டர் சாப்பிடப் போய்விட்டார்.

மதிய இடைவேளையில் கேட்டைப் பூட்டி, உள்ளே நின்ற ஒன்பது வண்டிகளை டைரக்டர் ஒப்புதலோடு கையால் எழுதிய சீட்டில் அனுப்பிவிட்டு, அந்த ஒரு வரியைச் சேர்த்தார்கள். மூன்று மணி வந்தது, போனது. இயந்திரம் நிற்கவில்லை. மூன்றேகாலுக்குச் சலவை வேட்டியோடு ஒரு லாரி கேட்டைத் தாண்டியது. செல்லக்கிளி ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "உள்ள இருந்தீங்களா, வெளிய இருந்தீங்களா?" "வந்துட்டேம்லா," என்றானாம் மாசானம். தை மாதம் கல்யாணம்.

7

நீங்கள் கவனித்திருப்பீர்கள். கீழே தள்ளினால் சோதனை ஓடக் கூடாது. ஓடியது. புதன்கிழமை நிரலில் சுவிட்சின் அர்த்தம் தலைகீழாகியிருந்தது.

"வேணும்னு மாத்துனீங்களா சின்னம்மா?" என்று கேட்டேன்.

"அவசரத்துல எழுதுனது. தப்பு வராதா?" என்று எலும்பை ஓரமாக வைத்தார்.

விடாமல் பாளையங்கோட்டைக்குப் போய் ஆவுடையப்பனையும் பார்த்தேன். கையெழுத்துப் போட்ட பிரதியில் அந்த வரி இருந்ததே, படிக்கவில்லையா என்றேன். ஓய்வுபெற்ற மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏலே, நான் படிக்காமக் கையெழுத்துப் போடுத ஆளா?"

காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். எந்தக் கை வேண்டுமென்றே செய்தது, எந்தக் கண் தெரிந்தே விட்டது என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதியபின் சின்னம்மாவிடம் மட்டும் காட்டாதீர்கள், அடித்துத் திருத்திவிடுவார்.