முதல் ஆளாய் முடிப்பவர்

காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். கிருபானந்தம் கண்ணைத் திறக்காமலே தலையணைக்கு அடியில் கையை விட்டு அதை அணைப்பார். பிறகு ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து, சபையின் வாட்ஸ்அப் குழுவில் ‘முடித்தேன், ஸ்தோத்திரம்’ என்று போட்டு, கும்பிடும் கைகள் இரண்டை வைத்து, மறுபடியும் போர்வைக்குள் போய்விடுவார். அன்றைக்கு உரிய பைபிள் அதிகாரங்களையும் வாசித்துத் தியானம் செய்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம். மூன்று வருடமாக ஒரு நாள்கூடத் தவறியதில்லை. போடுவதில்தான் சொல்கிறேன்.

ஆம்பூரில் அவர் போகும் சபைக்குப் போதகராக வந்த எலியாஸ் ஐயா கொண்டுவந்த திட்டம் அது. தினம் மூன்று அதிகாரம், ஞாயிறு மட்டும் ஐந்து என்று படித்தால் ஓர் ஆண்டில் வேதம் முழுவதும் முடிந்துவிடும். படித்தவர்கள் குழுவில் ‘முடித்தேன்’ என்று தெரிவிக்க வேண்டும். வருடக் கடைசியில் மேடையில் கூப்பிட்டு, லேமினேஷன் போட்ட சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். எலியாஸ் ஐயா நல்ல மனிதர். சபை மக்கள் படிக்க வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டவர். எல்லாரையும் தன்னைப் போலவே நினைத்துவிட்டார், அது ஒன்றுதான் அவர் செய்த பிழை.

கிருபானந்தத்துக்கும் நியாயம் செய்துவிடுவோம். அவர் பிறவிப் பொய்யர் இல்லை. முதல் முப்பத்தொன்பது நாள் எழுந்து, முகம் கழுவி, உட்கார்ந்து படித்தவர்தான். நாற்பதாம் நாள் அவர் வேலை பார்க்கும் ஷூ ஃபேக்டரியில் ஏற்றுமதி அவசரம். தரம் பார்க்கும் மேஜைக்கு அவர்தான் பொறுப்பு என்பதால் ஆறு மணி வேனுக்கே வரச் சொல்லிவிட்டார்கள். வேனில் படித்துக்கொள்ளலாம் என்று முதலில் ‘முடித்தேன்’ என்று போட்டார். வேனில் தூங்கிவிட்டார். மறுநாள் ஆறு அதிகாரம் பாக்கி. அதற்கும் மறுநாள் ஒன்பது. நாளெல்லாம் தோலையும் தையலையும் பார்த்துக் கண் பூத்துப்போய் வருகிறவன் ஒன்பது அதிகாரத்தை எப்படிப் படிப்பான்? ‘முடித்தேன்’ என்பது மட்டும் தினமும் போய்க்கொண்டிருந்தது.

அந்த ஞாயிறு எலியாஸ் ஐயா பிரசங்க பீடத்தில் நின்று, “நம்ம பிரதர் கிருபானந்தம் தினமும் முதல் ஆளா முடிச்சிடறார்” என்று சொல்லிவிட்டார். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மனைவி மெர்சி பெண்கள் பக்கத்தில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். கூண்டுக் கதவு அன்றைக்கு விழுந்ததுதான்.

அப்புறம் வெளியே வர வழியே இல்லாமல் போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரியில் குடலிறக்க அறுவை சிகிச்சைக்கு ஸ்ட்ரெச்சரில் ஏறும்முன்னும் போட்டார். அம்மாவை அடக்கம் செய்த நாளும் போட்டார். இரண்டாம் வருடம் அவரைக் குழுவுக்கே தலைவராக்கினார்கள். பத்து மணிக்குள் ‘முடித்தேன்’ வராதவர்களை ஃபோனில் கூப்பிட்டு, “இன்னா பிரதர், ஆண்டவருக்கு அரை மணி நேரம் குடுக்க முடியலையா?” என்று கேட்பது அவர் வேலை. அவர் பேச்சுக்கு வெட்கப்பட்டு நாலைந்து பேர் உண்மையாகவே படிக்க ஆரம்பித்தார்கள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

வேதபாடக் கூட்டத்தில் யாராவது எழுந்து சந்தேகம் கேட்டால் போதும், கண்ணை மூடி, “ஜெபத்துல கேளுங்க. அவரே தெளிவுபடுத்துவார்” என்பார். என்ன ஆழம் என்று ஊர் வியந்தது. ஒரு ஞாயிறு மத்தியானம், இனியாவது படிப்போம் என்று வேதத்தை எடுத்து மடியில் வைத்தார். மெர்சி உள்ளே வரும் சத்தம் கேட்டதும் சட்டென்று மூடிவிட்டு, கேஸ் சிலிண்டர் புத்தகத்தைத் தேடுவதுபோல் அலமாரியைக் குடைந்தார். இரண்டு தடவை முழுதாக முடித்தவர் என்று பெயர் வாங்கிய மனிதர், இப்போது ஆரம்பத்திலிருந்து எழுத்துக்கூட்டுவதை யாராவது பார்த்துவிட்டால்? படிக்காதவன் படிக்கலாம். படித்துவிட்டேன் என்றவன் எப்படிப் படிப்பது? வேதம் அலமாரிக்கே திரும்பிப் போயிற்று.

குழுவில் ஒரே ஒருத்திதான் அவருக்குப் பேஜார். ஜெயபுஷ்பம். அதே ஃபேக்டரியில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் மெஷினில் உட்காருகிறவள். புருஷன் இறந்து பல வருடம். பிள்ளை இல்லை. ஒன்பது வருடமாக ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். தினமும் காலை குழுவில் அவளிடமிருந்து ஒரே வார்த்தை வரும்: ‘முடிக்கல.’ எண்பது ‘முடித்தேன்’களுக்கு நடுவே அது ஒன்று, தினமும்.

இந்த டிசம்பரில் கமிட்டி ஒரு விதி கொண்டுவந்தது. ஆண்டுத் திட்டத்தை முடிக்காதவர்கள் அடுத்த வருடம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கக் கூடாது. முடித்தவர்கள் பட்டியலைத் தலைவர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஆசிரியர்கள் பதினோரு பேரில் பட்டியலில் வராத பெயர் ஜெயபுஷ்பம் மட்டும்தான்.

வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் கிருபானந்தம் அவளைத் தேடிப் போனார். சைக்கிள் ஸ்டாண்டு ஓரம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள்.

“புஷ்பம், ஞாயித்துக்கெழம கமிட்டி. லிஸ்ட்ல நான் கையெழுத்துப் போடணும்.”

“போடுங்கண்ணா.”

“உம் பேரு அதுல வராதும்மா. கிளாஸ் போய்டும்.”

“தெரியும்ணா. ரெண்டு நாளா சோறு எறங்கல.” பாக்ஸில் சோறு அப்படியே இருந்தது.

கிருபானந்தம் குரலைத் தாழ்த்தினார். “ஒரு வேல பண்ணு. பாக்கி எல்லாத்தையும் சேத்து முடிச்சிட்டேன்னு ஒரு மெசேஜ் போட்டுடு. நான் டிக் அடிச்சிக்கறேன். எவன் வந்து பாக்கப் போறான்?”

அவள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். “நான் இன்னா சொல்றேன்னு டெஸ்ட் பண்றீங்களாண்ணா?”

அவர் சைக்கிள்கள் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

“எட்டாங்கிளாஸ் படிச்சவண்ணா நானு. நாலு வரி படிக்கறதுக்குள்ள வேன்காரன் ஹாரன் அடிச்சிடறான். அந்த நாலு வரியதான் மெஷின்ல உக்காந்து நாள்பூரா நெனச்சிக்கினு இருப்பேன். ரெண்டு மாசம் முன்ன, மன்னிக்கறதப் பத்தி ஒரு எடம் வந்துச்சி. அதத் தாண்டவே முடியல. காவேரிப்பாக்கத்துல எங்க நாத்தனா இருக்கறா. எம் புருசன் செத்த அன்னிக்கு அவ பேசுன பேச்சு... ஆறு வருசமா மூஞ்சில முழிச்சதில்ல. பதினோரு நாளு அதே எடத்துல நின்னுனு இருந்தேன். அப்பறம் லீவு போட்டுட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தேன்.”

“பேசுனாளா?”

“எங்க பேசுனா? மூஞ்சியத் திருப்பிக்கினா. டீ மட்டும் போட்டுக் குடுத்தா. பரவால்ல, நான் அடுத்த வரிக்குப் போய்ட்டேன்.” டிபன் பாக்ஸை மூடினாள். “இப்டிப் படிச்சா எந்தக் காலத்துல முடிக்கறது? அதான் முடிக்கலன்னு போடறேன்.”

கிருபானந்தத்துக்குப் பொறாமையாக இருந்தது. வீட்டு வரவேற்பறையில் இரண்டு சான்றிதழ் மாட்டி வைத்திருப்பவருக்கு, நாலு வரி படித்தவள்மேல் அடிவயிற்றிலிருந்து பொறாமை வந்தது. அன்று மாலை வரை மேஜைக்கு வந்த ஷூ எதிலும் அவர் கண் நிற்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து, ஆலயத்துக்குப் பின்னால் இருக்கும் அறையில் கமிட்டி கூடியது. எலியாஸ் ஐயா, பொருளாளர் துரைசாமி வாத்தியார், பெண்கள் ஐக்கியச் செயலாளர் என்ற முறையில் மெர்சி, இன்னும் நாலு பேர். ஜெயபுஷ்பத்தையும் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகள் வெளியே கத்திக்கொண்டிருந்தது உள்ளே நன்றாகக் கேட்டது.

துரைசாமி பட்டியலை கிருபானந்தத்தின் முன்னால் தள்ளி, பேனாவின் மூடியைக் கழற்றிக் கொடுத்தார். முதல் பெயரே கிருபானந்தம். கடைசி வரை பார்த்தார். இந்தக் கையெழுத்தைப் போட்டால் தன் பெயர் நிற்கும், அவள் வகுப்பு போகும். போடாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். நடுவில் ஒதுங்க இடம் இல்லை.

“ஐயா, நான் இதுல கையெழுத்துப் போட முடியாது” என்றார். “நான் படிச்சதில்ல. மூணு வருசமா சும்மாதான் முடிச்சேன் முடிச்சேன்னு போட்டுக்கினு இருந்தேன். இந்த லிஸ்ட்ல மொதல்ல அடிக்க வேண்டியது எம் பேரு.”

எலியாஸ் ஐயாவின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து கிருபானந்தத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா? இதுதான் தாழ்மை” என்றார் மற்றவர்களிடம். “படிக்கப் படிக்க, நாம ஒண்ணுமே படிக்கலன்னு தோணும். நானே இதை அனுபவிச்சிருக்கேன்.”

“இல்ல ஐயா, நெசமாவே...”

“புரியுது பிரதர், புரியுது.”

“இன்னிக்கு எந்த அதிகாரம்னு கேளுங்க. எனக்குத் தெரியாது!”

துரைசாமி தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். “வெளிய காட்டிக்கவே மாட்டேங்கறாரு, பாருங்க. வர்ற கன்வென்ஷன்ல இவரு ஒரு சாட்சி சொல்லியே ஆகணும் ஐயா.” அப்படியே ஜெயபுஷ்பத்தின் பக்கம் திரும்பினார். “ஏம்மா, உங் கிளாஸக் காப்பாத்தறதுக்கு ஒரு பெரிய மனுசர் தன் பேரையே கெடுத்துக்கறாரு. உனக்குக் கொஞ்சமாவது உறுத்தல் இருக்குதா? இந்த வருசம் ஒரு நாளாவது முடிச்சிருப்பியா நீ?”

ஜெயபுஷ்பம் தலை குனிந்துகொண்டாள். கிருபானந்தம் தன் வாயாலேயே அவளை இன்னும் ஆழமாகத் தள்ளிவிட்டிருந்தார். மூன்று வருடமாக அவர் பொய்யை ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. இன்றைக்கு உண்மையைச் சொல்கிறார், நம்புவதற்கு ஒருவரும் இல்லை. மேஜையைத் தட்டிக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினாலும் பரிசுத்த வைராக்கியம் என்பார்கள்.

“மெர்சி, நீயாவது சொல்லேன்” என்றார். மெர்சிக்கு எதுவும் தெரியாது என்றுதான் அவர் இத்தனை நாளும் நம்பியிருந்தார். இருந்தும் கேட்டார், வேறு யாரைக் கேட்பது?

எல்லாரும் மெர்சியைப் பார்த்தார்கள். பெண்கள் ஐக்கியத்தில் அவளுக்கு முதல் நாற்காலி. ‘எப்படிப்பட்ட புருஷன் உனக்கு’ என்று கேட்காதவர் சபையில் இல்லை. அவள் மடியில் இருந்த பையின் கைப்பிடியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். சிரித்து மழுப்பிவிடப் போகிறாள் என்று கிருபானந்தம் நினைத்தார்.

“அவரு சொல்றது நெசம்தான் ஐயா” என்றாள். “காலைல போர்வைக்குள்ள இருந்து போட்டுட்டுத் தூங்கிடுவாரு. அவரு பைபிள் மேல படியற தூசிய நான்தான் தொடைக்கிறேன்.”

துரைசாமியின் தலையாட்டல் நின்றது. எலியாஸ் ஐயா கிருபானந்தத்தின் கையை மெதுவாக விட்டார். அந்த ஒரு நொடியில் அவருக்கு வயது கூடிவிட்டதுபோல் இருந்தது. நாற்காலிக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“லிஸ்ட்டச் சரிபாத்தவரே இப்டின்னா, இத வெச்சி நாம யாரையும் நிறுத்த முடியாது” என்றார். அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “குழுவ இனிமே நானே பாத்துக்கறேன், கிருபானந்தம்.” பிரதர் என்று சொல்லவில்லை. “புஷ்பம், நீ கிளாஸுக்குப் போம்மா. பிள்ளைங்க காத்துக்கினு இருக்குதுங்க.”

ஜெயபுஷ்பம் எழுந்தாள். போகும்போது கிருபானந்தத்தின் முன்னால் ஒரு கணம் நின்றாள். “வர்றேண்ணா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

கிருபானந்தமும் மெர்சியும் வெளியே வருவதற்குள் சேதி வாசல்வரை வந்து சேர்ந்திருந்தது. வாராவாரம் ஓடிவந்து ஸ்தோத்திரம் சொல்கிறவர்கள் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருந்தும் மூன்று வருடப் பாரம் கொஞ்சம் இறங்கியிருந்ததைக் கிருபானந்தத்தால் மறுக்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்தார். மெர்சி பின்னால் ஏறிக்கொண்டாள். பஜார் தெருவைத் தாண்டினார்கள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தி, திரும்பாமலே கேட்டார்.

“எப்பலேர்ந்து தெரியும் உனக்கு?”

“மொத நாள்லேர்ந்து.”

“அப்ப ஏன் ஒரு வார்த்த கேக்கல நீ?”

ரயில் தடதடத்து வந்தது. கடைசிப் பெட்டியும் போன பிறகுதான் மெர்சி அவர் தோளில் கை வைத்தாள்.

“கேட்டா, நீங்க நெசத்தச் சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சி.”