சுவரில் மூன்றாவது ஆள்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால்: ஒரு கலைஞனின் கொள்கை கெட்டதாயிருந்தால் அவன் கலையை என்ன செய்வது என்று அறிஞர் பெருமக்கள் காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்கு, பெரிய மருத்துவமனையின் ஏழு பேர் கொண்ட சிறப்புக் குழு மூன்றே கூட்டங்களில், நான்கு தட்டு பிஸ்கட் செலவில், இறுதி விடை கண்டுவிட்டது. விடை: திரைச்சீலை. பச்சை நிறம், பருத்தி. கயிற்றை இழுத்தால் விலக வேண்டும், விட்டால் மூட வேண்டும்.

மனித குலத்துக்குக் கிடைத்த இந்த விடையைத் தைத்துத் தர வேண்டிய பொறுப்பு மருத்துவமனைத் தையற்காரர் தலையில் விழுந்தது.

தையற்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. சலவைக்கூடத்தை ஒட்டிய பின்கட்டில், இரண்டு தையல் மெஷினும் கிழிந்த போர்வைகளின் மலையும் உள்ள அறையில், முப்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறார். டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுக்குப் பொத்தான் வைப்பது முதல் படுக்கை விரிப்புக்கு ஓரம் அடிப்பது வரை அவர்தான். தினமும் காலையில் அறையைத் திறப்பதற்கு முன், சுற்று வழியாக இருந்தாலும், புறநோயாளிகள் பிரிவின் தாழ்வாரம் வழியாகத்தான் வருவார். அங்கே பதினெட்டடி நீளச் சுவரில் ஓர் ஓவியம். தலைப்பு ‘சேவை’. ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆறு பேர். டாக்டர், நர்ஸ், ஈரத்துணியைப் பிழியும் பெண், கம்பவுண்டர், சமையல்காரர், வாயிற்காவலர். மூன்றாவது ஆளுக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பார். பிறகு போய் வேலையைப் பார்ப்பார்.

மூன்றாவது ஆள் அவருடைய அம்மா. சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். தையற்காரருக்கு ஐந்து வயதாகும்போது செத்துப்போனாள். அவளுக்கு வேறு படம் கிடையாது. ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட பழைய போட்டோ ஒன்று அலுவலகத்தில் மாட்டியிருக்கிறது. அதில் பின் வரிசையில், கம்பவுண்டரின் தோளுக்குப் பின்னால் அம்மா நிற்பதாக அக்கா சொல்வாள். தெரிவது கம்பவுண்டரின் தோள் மட்டும்தான். அதனால் அம்மா என்றால் சுவர்தான். புதிதாக வேலைக்குச் சேரும் யாரையும் தையற்காரர் விட்டதில்லை. "மூணாவது ஆள் யார் தெரியுமா? எங்கம்மா." தன் மகள் பிறந்தபோது துணியில் சுற்றிய குழந்தையை அந்தச் சுவருக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூடி நின்று, "அப்படியே பாட்டி மூக்கு!" என்று ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள்.

வரைந்தவரை எல்லாரும் ‘மேதை’ என்றே சொல்வார்கள். மேதை செத்து இருபது வருடம் கழித்து, அவர் இளவயதில் எழுதிய துண்டுப் பிரசுரங்கள் ஏதோ ஒரு நூலகத்தின் கரையான் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. ‘உயர்பிறப்புச் சபை’ என்று ஒன்று இருந்ததாம். மேதை அதற்குச் செயலாளராம். இன்னின்ன தொழில் செய்கிறவர்கள் மனிதரில் சேர்த்தி இல்லை, அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தண்டம் என்று விலாவாரியாக எழுதியிருந்தார். பத்திரிகையில் வந்தது. மருத்துவமனைக்கு மொட்டைக் கடிதம் வந்தது. குழு அமைந்தது.

கடைசிக் கூட்டத்துக்குத் தையற்காரரையும் கூப்பிட்டிருந்தார்கள், கருத்துச் சொல்ல அல்ல, அளவெடுக்க. வெள்ளையடிப்பதா திரை போடுவதா என்று முடிவாகவில்லை. திரை என்று முடிவானால் கையோடு அளவு எடுத்துவிடலாம் என்பது பெரிய டாக்டரின் நிர்வாகத் திறமை. தையற்காரர் கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு கதவோரமாக நின்றார்.

வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த கலை நிபுணர், தாடியைத் தடவியபடி ஆரம்பித்தார். "ஒரு படைப்பு பிறந்த அந்த நிமிஷமே படைப்பாளி செத்துப்போயிடறான். இதை நாம முதல்ல ஏத்துக்கணும்."

"இவர் செத்து இருபது வருஷம் ஆச்சு சார்," என்றார் பெரிய டாக்டர். "அதுல யாருக்கும் ஆட்சேபணை இல்ல. மேல சொல்லுங்க."

தலைமை நர்ஸுக்குப் பொறுக்கவில்லை. "தினம் முந்நூறு பேர் அந்தச் சுவத்துக்குக் கீழ உக்காந்துதான் சீட்டு வாங்கறாங்க. அதுல பாதிப் பேரை மனுஷங்களே இல்லன்னு எழுதி வச்சிருக்கான் அந்த ஆளு. அவங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்?"

"தெரியாத வரைக்கும் அது கலை மேடம்."

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா... அது உரையாடல்."

"முந்நூறு பேர் சேர்ந்து உரையாட வருவாங்க. தாடியோட நீங்க வந்து நில்லுங்க," என்ற தலைமை நர்ஸ், கையிலிருந்த பிரசுரத்தைப் பிரித்துப் படித்தாள். "‘முகம் பிறப்பின் பரிசு, கை உழைப்பின் கருவி. தாழ்ந்த தொழில் செய்பவளிடம் நல்ல கை இருக்கலாம். நல்ல முகம் இருக்க முடியாது.’ கேட்டீங்களா? வெள்ளையடிங்க சார். ஒரு நாள் வேலை."

தையற்காரர் கதவோரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தார். முப்பது வருட வேலையில் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை. திறந்தார்.

"மேடம்... ஒரு நிமிஷம். அதுல துணி பிழியறது எங்கம்மா."

எல்லாரும் திரும்பினார்கள்.

"அவரு எழுதினது எனக்குத் தெரியாது. இப்பதான் கேக்கறேன். காது கூசுது. ஆனா அதே ஆளு எங்கம்மாவை எப்படி வரைஞ்சிருக்காரு பாருங்க. அந்த நெத்தி, அந்தக் கண்ணு, அந்த மூக்கு! சலவைக்காரிக்கு நல்ல மூஞ்சி இருக்காதுன்னு பேனா பிடிச்ச கை எழுதுச்சு. பிரஷ் பிடிச்ச கை அதைப் பொய்யின்னு சொல்லிடுச்சு. பேனாவை எரிங்க சார். பிரஷை எதுக்கு எரிக்கணும்?"

கலை நிபுணர் இந்த வாக்கியத்தைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் ஒரு கருத்தரங்கில் தன் சொந்தச் சரக்காகவே அதை அவிழ்த்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. தலைமை நர்ஸ் பிரசுரத்தை மடித்து வைத்தாள். "உங்க அம்மாவா? முன்னாலேயே சொல்லக் கூடாதா?" என்றாள், குரல் இறங்கி. வெள்ளையடிக்கும் யோசனை அத்தோடு போயிற்று. மேதையைக் காட்டவும் கூடாது, அழிக்கவும் கூடாது, ஆகவே திரை. பெரிய டாக்டர் கையைத் தட்டினார். தையற்காரர் அளவெடுத்தார். கம்பியிலிருந்து தரைக்கு ஒரு சாண் மேலே வரை ஏழடி.

அக்கா மாதம் ஒருமுறை ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க மருத்துவமனைக்கு வருவாள். வாங்கியதும் தையல் அறைக்கு வந்து, போர்வை மலைமேல் சாய்ந்து, தம்பியின் மெஷின் சத்தத்தில் அரை மணி நேரம் கண்ணயர்வாள். அந்த வாரம் அவள் வந்தபோது, தையற்காரர் பச்சைத் துணியை மேஜைமேல் விரித்துப்போட்டு, கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு கும்மாளமாக இருந்தார்.

"ஏழு பேரு அக்கா! படிச்சவங்க! நான் பேசினதுல ஒருத்தன் வாயத் திறக்கணுமே! தலைமை நர்ஸ் கண்ணு கலங்கிடுச்சு."

"என்ன பேசின?"

சொன்னார். பேனா, பிரஷ் எல்லாம். அக்கா கேட்டுக்கொண்டே மாத்திரை அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"சரி, அதான் காப்பாத்திட்டியே. திரையைத் தைச்சுக் குடு. பாக்கணும்னா கயித்தை இழுத்துப் பாரு."

"எங்கம்மாவைப் பாக்க நான் கயிறு இழுக்கணுமா? ஆபீசர் ரூம்ல அனுமதி வாங்கற மாதிரி?" தையற்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஒரு வேலை பண்ணப் போறேன். மூணாவது ஆள் மூஞ்சிக்கு நேரா ரெண்டு துண்டும் சேர்ற இடத்துல ஒரு பிளவு விட்டுடறேன். தெரியாம விட்ட மாதிரி. மடிப்புக்குள்ள மறைஞ்சிருக்கும். காலையில போறப்ப விரலால விலக்கினா அம்மா."

"கண்டுபிடிச்சா வேலை போயிடும்டா. ஓய்வுக்கு ஆறு வருஷம் இருக்கு."

"போகட்டும்."

"பொண்ணு கல்யாணம்?"

"அம்மாவை விடவா?"

அக்கா மாத்திரை அட்டையைக் கீழே வைத்தாள். "அந்த மூஞ்சிக்காக நீ ஒண்ணும் பண்ண வேணாம்."

"என்னக்கா இப்படிச் சொல்ற?"

"அது அம்மா மூஞ்சி இல்லடா."

தையற்காரர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"எனக்கு அப்ப பதிமூணு வயசு. தினம் மத்தியானம் அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போவேன். அந்த மேதை அவளைப் பதினோரு நாள் நிக்க வச்சான், ஈரத் துணியைப் பிழிஞ்ச வாக்குல. துணி காஞ்சா மறுபடி நனைக்கச் சொல்லுவான். உடம்பு, கை, சேலை எல்லாம் வரைஞ்சான். மூஞ்சியை மட்டும் வெறுமனே விட்டுட்டான். பன்னெண்டாவது நாள் அவன் கட்டிக்கப் போற பொண்ணு குடை பிடிச்சுக்கிட்டு வந்துது. அதுக்கு நாற்காலி. அரை நாள். அம்மா கழுத்து மேல அந்த மூஞ்சியை எடுத்து வச்சான்."

மெஷினில் தையற்காரரின் கால் தானாக ஒருமுறை மிதித்தது. ஊசி வெறுந்துணியில் நாலு தையல் போட்டு நின்றது.

"அம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"‘அப்பாடா, கால்வலி விட்டுச்சு’ன்னா."

"நீ ஏன்க்கா எங்கிட்ட..."

"எப்படிச் சொல்றது? அம்மா போனப்புறம் மூணு நாள் நீ வாயில ஒரு பருக்கை வைக்கல. இடுப்புல தூக்கிட்டுப் போய் அந்தச் சுவத்துக்கிட்ட நிறுத்தி, அதோ பாரு அம்மான்னேன். சாப்பிட்ட. அப்புறம் என்னைக்குச் சொல்லச் சொல்ற? பொண்ணைத் தூக்கிக்கிட்டு மூக்கு பாக்க வந்தியே, அன்னைக்கா?"

தையற்காரர் அந்த நாலு தையலையும் பிரித்தெடுத்தார். பேனாவும் பிரஷும் ஒரே கைதான். ஏழு பேருக்கு முன்னால் தான் முழங்கிய முழக்கம் காதுக்குள் திரும்பக் கேட்டது. ஆனால் அந்த வெட்கத்துக்கெல்லாம் இப்போது நேரமில்லை. அவர் நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப்போட்டார்.

"சரி, நீ சொல்லு. அம்மா எப்படி இருப்பா?"

"என்னடா..."

"நீ பாத்திருக்க இல்ல? பதிமூணு வயசு வரைக்கும் பாத்திருக்க. சொல்லு. ஒவ்வொண்ணா."

அக்கா கண்ணை மூடினாள். "நெத்தி... சின்ன நெத்தி. தலைமுடி முன்னால சுருண்டு விழும். ஆவியில." உதடு அசைந்தது. "கண்ணு..." நிறுத்தினாள். பக்கத்துச் சலவைக்கூடத்தில் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"கண்ணு எப்படிக்கா?"

அவள் கண்ணைத் திறந்தபோது பயந்த பிள்ளையைப் போல இருந்தாள். "வரலடா. நாப்பத்தேழு வருஷமா நீ அம்மா அம்மான்னு காட்டிக் காட்டி, கண்ணை மூடினா எனக்கும் அந்தக் குடைக்காரிதான் வர்றா."

அம்மா மிச்சமிருந்த ஒரே இடம் அக்காவின் ஞாபகம், அதுவும் பூட்டிக்கொண்டுவிட்டது. தையற்காரருக்கு அழுகைகூட வரவில்லை. அழுவதற்கும் ஒரு முகம் வேண்டியிருக்கிறது.

"கை?" என்றார் கடைசியில்.

"கை அவளோடதுதான். வலது சுண்டு விரல் கோணலா இருக்கும், போய்ப் பாரு. தொட்டி மூடி விழுந்து ஒடைஞ்சு, கட்டுப் போடாம தானா கூடினது. அந்தப் பாவி அதை மட்டும் அப்படியே வரைஞ்சிருக்கான்."

தையற்காரர் போனார். தாழ்வாரத்தில் சீட்டு வாங்கும் வரிசை சுவரை ஒட்டி நின்றது. வரிசையை விலக்கிக்கொண்டு மூன்றாவது ஆளுக்கு முன்னால், முதல்முறையாக, குனிந்தார். நாற்பத்தேழு வருடம் அண்ணாந்தே பார்த்திருந்த சுவர். இடுப்புயரத்தில், முறுக்கிய துணியைப் பிடித்தபடி இரண்டு கைகள். புடைத்த நரம்பு. தண்ணீரில் ஊறி வெளுத்த விரல் நுனிகள். கோணல் சுண்டு விரல். அந்தக் கை ஒரு நாளாவது தன் தலையைத் துவட்டியிருக்க வேண்டும். நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். துணியின் சொரசொரப்பு ஏதோ வருவது போல இருந்தது. அது வேறு யார் துவட்டியதாகவும் இருக்கலாம்.

"என்னய்யா தொலைச்சீங்க?" என்றார் வரிசையில் நின்ற பெரியவர்.

"ஒண்ணுமில்லீங்க."

"அப்ப பின்னால போய் நில்லுங்க. குனிஞ்ச மாதிரி பாவலா பண்ணி வரிசைக்குள்ள நுழையறீங்களே."

தையற்காரர் திரும்பி வந்து கத்தரியை எடுத்தார். ஏழடிக்குப் போட்டிருந்த சுண்ணாம்புக் கோட்டை அழித்துவிட்டு, மூன்றேமுக்காலடியில் புதிதாகக் கோடு போட்டு, ஒரே வீச்சில் வெட்டினார். கீழ் ஓரத்தை மட்டும் இரண்டு மடங்கு தையலாக, பிரியாதபடி அடித்தார்.

வெள்ளிக்கிழமை திரையை மாட்டினார்கள். ஆறு பேரின் தலையும் மார்பும் பச்சைக்குள் போயின. டாக்டரின் கழுத்தில் தொங்கிய கருவி போயிற்று, நர்ஸின் தொப்பி போயிற்று. மிச்சம் வெளியே நின்றவை டாக்டரின் கால்சட்டை, ஒரு வாளி, சில செருப்புகள், துணியைப் பிழியும் இரண்டு கைகள். கலை நிபுணர் மூச்சை இழுத்துக்கொண்டார். "அபாரம்! மேதையை மறைத்து உழைப்பை மட்டும்..." என்று தொடங்கி இருபது நிமிடம் பேசினார். தலைமை நர்ஸ் அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரிய டாக்டர் தையற்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏன்யா பாதியில நிக்குது?"

"துணி போதல சார்."

மீந்த துணியில் ஒன்பது தலையணை உறை வந்தது.