ஜாய்சனின் டீசல் டேங்கும் செயலாளரின் வரைவுகளும்

1.

இந்தக் கதை ஒரு வாய்ஸ் மெசேஜில் பிறந்தது. முடிச்சூரில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவுக்கு அக்டோபரில் ஜாய்சன் அனுப்பியது: "என் கேரவன்ல டீசல் திருடின நாய் எவனா இருந்தாலும், தைரியம் இருந்தா முன்னாடி வரட்டும்."

ஜாய்சனுக்கு சிறுசேரியில் மென்பொருள் வேலை. பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்துக் கேரவன் ஆக்கி, வீட்டை ஒட்டிய மேடான காலி மனையில் நிறுத்தியிருக்கிறார். நான்கு வருடமாக அது அங்கேயேதான் நிற்கிறது. இந்தக் கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் தனுஷ்கோடிக்குக் கிளம்பாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக அவர் மனைவி தபீதாள் சொல்லிவிட்டார்.

(சுமாரான தொடக்கம். வாசகருக்குத் திருடன் வேண்டும். பொறுங்கள்.)

2.

முதல் வரைவு: "கறுத்த உருவம் ஒன்று மதிலோரம் பதுங்கி

அடித்துவிட்டேன். திருடர்கள் ஏன் எப்போதும் பதுங்க வேண்டும்?

இரண்டாம் வரைவில் பழியை மெக்கானிக் லோகு தலையில் கட்டினேன். டேங்குக்குக் காவல் போட ஜாய்சன் இரும்புலியூரிலிருந்து கூட்டிவந்தவர் அவர். மூடிக்குப் பூட்டு, டீசல் ஊற்றும் வாய்க்குள் கம்பி வலை, டேங்குக்கு அடியில் இரும்புத் தகடு.

"இன்னா சார், மூடிய மட்டும் பூட்னா பத்தாது. அடி போல்ட்ட கழட்டிகினு பூடுவான். தகடு அட்ச்சிட்டேன் பாரு, இனிமே டீசலே உள்ள போறதுக்கு பர்மிசன் கேக்கணும்."

இப்படிப் பேசுகிறவரைத் திருடனாக்க மனம் வரவில்லை.*

* பொய். தகடு அடிக்கும்போது லோகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பயம்தான்.

3.

திருடன் நான்தான்.

தெருச் சங்கத்தின் செயலாளர் நான். அக்டோபர் மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர். அதை இறைக்கும் மோட்டாருக்கு டீசல் தீர்ந்துவிட்டது. பங்க்கும் தண்ணீருக்குள். ஜாய்சன் ஆபீஸில் இருந்த பட்டப்பகலில், அவர் டேங்கில் என் தோட்டத்துப் பச்சை டியூபை விட்டு வாயால் உறிஞ்சினேன். இரண்டு கேன். ஜாய்சன் வாசல் வடிந்ததும் அந்த டீசலில்தான். சாயங்காலம் குழுவில் எனக்கு நன்றி சொன்னார், மூன்று கும்பிடு போட்டு. மறுநாள் காலை அந்த வாய்ஸ் மெசேஜ். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

தட்டச்சு செய்து அனுப்பாத வரிகள்:

தம்பி, ஒரு சின்ன விஷயம்

அந்த டீசலை வேற யாரும்

தெரு நல்லதுக்காகத்தான்

லோகு போட்ட பூட்டின் மாற்றுச் சாவியை ஜாய்சன், நம்பிக்கையான ஆள் என்று, என்னிடமே கொடுத்தார். வெட்கமாகத்தான் இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

4.

டிசம்பர். ரெட் அலர்ட். தெருவே கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்திவிட்டது. 2015 வெள்ளத்தில் பட்ட பாட்டுக்குப் பிறகு, வானிலை அறிக்கை கேட்டதும் நாங்கள் செய்கிற முதல் வேலை அது. சிறுசேரியில் மாட்டிக்கொண்ட ஜாய்சன் போன் செய்தார்.

"அண்ணா, இந்தத் தடவை மேடும் தப்பாது போல. கேரவனைப் பாலத்துல ஏத்திடுங்க. டேங்க் ஃபுல். வண்டி சாவி தபீதா கிட்ட இருக்கு. உங்களைத்தான் நம்பியிருக்கேன்."

அதே நேரம் மோட்டார் இருமி நின்றது. மறுபடியும் டீசல் இல்லை, பங்க்கும் மறுபடி தண்ணீருக்குள். தெருவின் பள்ளமான முனையில் இருக்கும் செல்லியம்மாள் அக்கா வீட்டில் தண்ணீர் கட்டிலைத் தொட்டுவிட்டது.

முடிவு அ: வண்டி டீசலோடு பாலத்துக்குப் போகிறது. நான் யோக்கியன். அக்கா வீடு மூழ்குகிறது.

முடிவு ஆ: லோகுவின் வலையை அறுத்து டீசல் எடுக்கிறேன். தெரு பிழைக்கிறது. அதற்குள் எஞ்சினில் தண்ணீர் ஏறி, தனுஷ்கோடி காலி.

இரண்டையும் மனதில் எழுதி அடித்தபடியே தபீதாள் வாசலுக்குப் போனேன். அவர் ஒரு கையில் வண்டிச் சாவி. இன்னொரு கையில் என் பச்சை டியூப்.

"அக்டோபர்ல எங்க மதில் மேலயே விட்டுட்டுப் போய்ட்டீங்க அண்ணா. நீங்களே சொல்வீங்கன்னு பார்த்தேன்."

எனக்கு வாயில் மறுபடியும் டீசல் கசந்தது. அவர் போனை நீட்டினார்.

"லைன்லதான் இருக்கார். எதைச் செய்றதா இருந்தாலும், இந்தத் தடவை சொல்லிட்டுச் செய்ங்க."

"அண்ணா? ஹலோ? வண்டி ஏறிடுச்சா?"

முடிவு இ எனக்கு எழுத வராது. வாசகரே, போனை நீங்கள் பிடியுங்கள். தொடங்கி மட்டும் தருகிறேன்:

"தம்பி, நீங்க தேடின அந்த நாய்