சஹனில் முதலில் எழும்புவது யார்

ஒஸ்லோவில் பிறந்த ஜெறோம் கொழும்புக்கு வேலைக்கு வந்ததிலிருந்து அவனை ஒரு விசேஷத்துக்குக் கூப்பிட்டவன் பக்கத்து மேசை ஸப்வான் ஒருவன்தான். வெள்ளவத்தை மண்டபத்தில் ஸப்வானின் தங்கச்சி றுஷ்னாவின் கலியாணம். இருக்கிற ஒரே சிநேகத்தையும் கெடுத்துவிடக்கூடாதே என்று ஜெறோம் அம்மாவிடம் முறை கேட்டுவைத்திருந்தான். அம்மா தொலைபேசியில் சொல்லியிருந்தாள்: “போட்டதை மிச்சம் விடாதை. பெரியாக்கள் எழும்ப முன்னம் எழும்பாதை.”

பெரிய தட்டில் புரியாணி வந்தது. சஹன் என்றார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து அவரவர் பக்கத்தில் கைவைத்தார்கள். ஜெறோம் தன் பக்கத்தை வழித்து முடித்தான். உடனே எதிரே இருந்த ஸப்வானின் மாமா றவூப் ஒரு இறைச்சித் துண்டை அவன் பக்கம் தள்ளினார்.

“தின்னுங்க தம்பி, கூச்சப்பட வாணாம்.”

அதையும் முடித்தான். இன்னொருவர் கோழிக்காலைத் தள்ளினார்.

பக்கத்துச் சஹன்காரர்கள் எல்லோரும் கை கழுவப் போய்விட்டார்கள். ஜெறோமின் சஹனில் மற்ற ஐந்து பேர் மட்டும் சும்மா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். ஏன் எழும்புகிறார்கள் இல்லை? பெரியாக்கள் எழும்பாமல் அவன் எப்படி எழும்புவது?

ஸப்வான் வந்து குனிந்தான். “மச்சான், அவ்வளவு பசியா?”

“இல்லையடா. மூச்சு முட்டுது.”

“அப்ப எழும்பு. விருந்தாளி எழும்பாம இவங்க எழும்ப மாட்டாங்க. மாமாக்கு சுகர், மருந்து எடுக்கோணும்.”

ஜெறோம் அம்மாவின் சொல்லை மீறி எழும்பினான். ஐந்து பேரும் ஒன்றாக எழும்பினார்கள்.

“என்ன தம்பி,” என்றார் றவூப், “அதுக்குள்ள போதுமா?”

திரும்ப இருப்பதா என்று தெரியாமல் ஜெறோம் கழுவாத கையோடு நின்றான்.