இரண்டாவது கிண்ணம்

எங்கள் ஆட்கள் வாசலில் வைத்துக் கெட்ட செய்தி சொல்லமாட்டார்கள். "சுகமா?" என்றால் "சுகம்" என்பார்கள். அன்று காலையில்தான் பெற்றவளைப் புதைத்துவிட்டு வந்திருந்தாலும் அதே பதில்தான். கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்து, உப்புத் தேநீர் ஒரு கிண்ணம் குடித்து முடித்து, இரண்டாவது கிண்ணம் ஊற்றும்போதுதான் உள்ளதைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். கோபிப் பாலைவனத்தில் இது ஒட்டகக் குட்டிக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

டாக்டர் ஹெல்மர் வசந்தத்தில் வந்தார். பழைய மருந்துக்கு அடங்காத காசநோயை ஆறே மாதத்தில் தீர்க்கும் புது மாத்திரை, அதைச் சோதிக்க நாற்பது நோயாளிகள் வேண்டும் என்றார். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? சிற்றூர் ஆஸ்பத்திரியின் நர்ஸ் என்ற முறையில் மொழிபெயர்க்க என்னை அவரோடு அனுப்பினார்கள்.

மாதம் ஒருமுறை கூடாரம் கூடாரமாக ஜீப்பில் போவோம். மனிதர் உட்காரவே மாட்டார். இன்ஜினைக்கூட அணைக்காமல் வாசலில் நின்றபடியே ஐந்து கேள்வி கேட்பார். வாந்தி உண்டா, கைகால் மரத்துப்போகிறதா, கண் மங்குகிறதா என்று போகும். எல்லாவற்றுக்கும் ஒரே பதில், சுகம். நான் அதை அவர் மொழியில் சொல்லிவிட்டுத் தாளின் அடியில் கையெழுத்துப் போடுவேன். தேநீரோடு காத்திருக்கும் பெண்களின் முகத்தைப் பார்க்காமல் ஜீப்பில் ஏறிக்கொள்வேன். சீக்கிரம் வீடு திரும்பலாமே என்ற சோம்பல்தான், வேறென்ன.

நான்காம் மாதக் கடைசியில் ஒட்டகம் மேய்க்கும் தாம்தினின் மனைவி கோர்லோ, மோட்டார் சைக்கிளில் என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான் ஊற்றிய தேநீரைக் குடித்து முடித்தாள். இன்னொரு கிண்ணம் ஊற்றினேன்.

"நேத்து பக்கத்து வீட்டு ஒட்டகத்த நம்மளதுன்னு ஓட்டிட்டு வந்துட்டாரு," என்றாள். "மூக்குல கட்டின அடையாள நூலு சிவப்பா பச்சையான்னு அவருக்குத் தெரியலடி."

நேரே ஹெல்மரிடம் போய், தாம்தினுக்கு மாத்திரையை இன்றே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கண் போய்விடும் என்றேன். அவர் நான்கு தாள்களை எடுத்து என் முன்னால் போட்டார். நான்கிலும் 'சிரமம் எதுவும் இல்லை', நான்கின் அடியிலும் என் கையெழுத்து. ஐம்பத்தெட்டு வயதில் கண் மங்கத்தான் செய்யும், பாதியில் நிறுத்தினால் ஆராய்ச்சியில் ஒரு ஆள் குறையும் என்றார்.

உங்கள் நாட்டிலும் வாசலில் நின்றுதான் கேட்பீர்களா என்றேன். அங்கே மாதாமாதம் கண்ணைச் சோதித்த பிறகுதான் அடுத்த டப்பாவைத் தருவார்களாம். இங்கே சாலை மோசம் என்பதால் சோதனைச் சாமான்களைத் தலைநகரிலேயே வைத்துவிட்டார்களாம். கூச்சமே இல்லாமல் சொன்னார். எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் அட்டை வெறும் காகிதம், அது எந்தப் பள்ளத்தில் விழுந்து உடைந்துவிடும்? அறையலாம் போல இருந்தது.

"உள்ள வந்து உக்காந்து ரெண்டு கிண்ணம் குடிங்க," என்றேன். "இல்லன்னா உங்களுக்கு வேற ஆளப் பாத்துக்குங்க."

மொழி தெரிந்த வேறு ஆள் முந்நூறு கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்தான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

கூடாரத்தில் தாம்தின் கிண்ணத்தை நீட்டினார். டாக்டரின் கை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டினார். ஹெல்மர் அதைப் பார்த்தார். பிறகு எட்டி வாங்கிக் குடித்தார். இரண்டாவது கிண்ணத்தில் தாம்தின் எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு மாதமாக நிறம் தெரியவில்லை. பார்க்கும் முகத்தின் நடுவில் ஒரு கரும்புள்ளி. பாதத்தில் முள் குத்தினால் உணர்வில்லை.

ஹெல்மரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது. மாத்திரையை நிறுத்தச் சொன்னார். பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

தாம்தின் என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"அவரு வெளியூர்க்காரரு, அவருக்குத் தெரியாது," என்றார். "நீ இங்க பொறந்தவதானே, தங்கச்சி?"

என்ன சொன்னார் என்று ஹெல்மர் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாளிலிருந்து மீதி முப்பத்தொன்பது கூடாரங்களுக்கும் நானே போனேன். உட்கார்ந்து இரண்டு கிண்ணம் குடித்தேன். இன்னும் ஆறு பேருக்குக் கண் மங்கியிருந்தது. அவர்களுக்கும் மாத்திரையை நிறுத்தியாயிற்று, நான்கு பேருக்குப் பார்வை தெளிந்தது. தாம்தினுக்குத் தெளியவில்லை. இப்போது ஒட்டகங்களைக் கோர்லோதான் மேய்க்கிறாள். வழியில் என்னைப் பார்த்தால், சுகம் என்கிறாள். உள்ளே வா என்று கூப்பிடுவதில்லை.